நெபுலாவைத் தாங்கிய தூண்

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதன் பிறகு நான் கட்டியதை எல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். சுங்காய்ப் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலைக்கு மூன்று மாடி உயரத்துக்கு இரும்புப் படிக்கட்டு போட்டேன். வரைபடம் கொடுத்த இன்ஜினியர் பாதியில் வேறு வேலைக்குப் போய்விட்டார், மீதியை ஆலைச் சுவரில் சாக்கட்டியால் நானே வரைந்து முடித்தேன். நான் பிறந்த கித்தா ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, தொழிலாளர் லயங்களை இடித்தபோது கோயிலை மட்டும் விட்டுவைத்தார்கள். அதற்குக் கூரை போட்டவன் நான், இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை. சிலிம் ரிவரில் ஒரு பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டிக்குத் தாங்கி. வெள்ளத்தில் மதில் சாய்ந்தது, தாங்கி நின்றது. ஈப்போவில் நான்கு கம்பமும் ஒரு தார்ப்பாயுமாக ஆரம்பித்த பட்டறை. இவன் ஆறு மாதம் தாங்கமாட்டான் என்று சொன்னவர்களின் வீட்டு கேட்டையும் பிறகு நான்தான் செய்து கொடுத்தேன். காவடிச் சட்டங்கள், எத்தனை என்று நான் எண்ணியதில்லை. என் மனைவிக்குக் கடைசி ஆண்டில் சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி. அதற்குப் பிறகு, வீட்டுப் பின்பக்கத்தில் ஒரு இரும்புத் தூண்.

அந்தத் தூணின் மேல் உட்கார்ந்துதான் என் மகளின் தொலைநோக்கி ரோஜா நெபுலாவைப் படம் பிடித்தது. படத்தை ஈப்போவில் ஒரு மண்டபத்தில் பெரிதாக மாட்டினார்கள், ஜனங்கள் வந்து பார்த்தார்கள். இப்போது வானம் பார்க்கிற சங்கத்துக்காரர்கள் அதைப் புத்தகத்திலும் போடப்போகிறார்கள். மண்டபத்தில் மாட்டியபோது படத்துக்குக் கீழே என் பெயர் இல்லை. புத்தகத்தில் இருக்கவேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். சுற்றி வளைத்துப் பேச எனக்குத் தெரியாது.

நெபுலா என்றால் என்ன என்பது எனக்கும் மகள் சொல்லித்தான் தெரியும். நட்சத்திரங்களுக்கு நடுவில் வாயு திரண்டு நிற்கிறது, அது மங்கலாகச் சிவப்பு வெளிச்சம் விடுகிறது. வெறும் கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எங்கள் வீட்டிலிருந்து தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தாலும் தெரியாது. கேமராவை மாட்டி, ஒரு படத்துக்கு ஐந்து நிமிடம் திறந்து வைத்து, அப்படி நூற்றுக்கு மேல் எடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் மெதுவாக வெளியே வரும். அந்த ஐந்து நிமிடமும் பூமி சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்கு ஈடாகத் தொலைநோக்கியும் மோட்டாரில் திரும்பிக்கொண்டே இருக்கவேண்டும். மயிரிழை ஆடினாலும் நட்சத்திரம் புள்ளியாக வராது, அரிசி மாதிரி நீண்டுவிடும். கேமராவைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அடியில் என்ன நிற்கிறது என்று ஒருவரும் குனிந்து பார்ப்பதில்லை.

என் மனைவி இறந்து ஐந்தாவது மாதம் மகள் கோலாலம்பூரிலிருந்து சாமான்களோடு வந்து சேர்ந்தாள். வேலையை இங்கிருந்தே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அப்பாவைத் தனியாக விடக்கூடாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அவள் வந்தது சந்தோஷமா என்று என்னைக் கேட்டால், தெரியாது. மேசைக்கு இரண்டு தட்டு வந்தது. அந்த வித்தியாசம்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த மாதங்களைப் பற்றி எழுதப் பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் எழுந்தேன், பல் விளக்கினேன், இனிப்பு நீருக்கு மாத்திரை போட்டேன், பட்டறைக்குப் போனேன், வந்தேன். அழவில்லை. சாவு அன்றும் அழவில்லை. அன்று வாடகைக்கு வந்த கூடாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்க் கால்களை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். என் மனைவியின் தம்பி தெலுக் இந்தானிலிருந்து வந்து காரை விட்டு இறங்கியபோது என்னை அப்படித்தான் பார்த்தான்.

“அக்கா உள்ள கெடக்கு, நீங்க இங்க போல்ட்டு முடுக்கிக்கிட்டு இருக்கீங்களா மச்சான்?”

“கூடாரம் சாஞ்சிருக்கு பாரு. ஆளுங்க மேல விழுந்தா?”

“விழட்டும்லா!”

அவன் அதை இன்றுவரை மறக்கவில்லை. கூடாரம் விழவில்லை என்பதை ஒருநாளும் சொன்னதுமில்லை.

துக்க வருடம் என்பதால் எங்கள் வீட்டில் தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை, தைப்பூசத்துக்குக் கோயில் பக்கம் போவதும் இல்லை. காவடிச் சட்டத்திலும் நான் கை வைக்கவில்லை. கேட்டு வந்தவர்களை வேறு பட்டறைக்கு அனுப்பிவிட்டேன். மற்ற வருடமாக இருந்தால் தை மாதம் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது. அந்த வருடம் கை சும்மா இருந்தது.

ஒரு சாயங்காலம் வீட்டுப் பின்பக்கத்தில் டக் டக் டக் என்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். மகள் தொலைநோக்கியை ஒரு முக்காலியில் ஏற்றி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள். மோட்டார் திரும்பப் பார்க்கிறது, தொலைநோக்கிக்குச் சமமாக மறுபக்கம் தொங்குகிற எடைக்கல் முக்காலியின் காலில் போய் முட்டுகிறது.

“என்னாது, ஒடஞ்சிருச்சா?”

“ஒடையலப்பா. இது வெள்ளக்கார ஊருக்குன்னு செஞ்சது. அங்க எல்லாம் வட துருவம் ஒசரத்துல இருக்கும், இந்தத் தலைய அண்ணாந்து பாக்குற மாதிரி வைப்பாங்க. நம்ம ஊருல அது தரையோட தரையா இருக்கு. நாலரை டிகிரி. அவ்வளவு தாழ்த்துனா இடிக்குது.”

“டிகிரிய விடு. ஒரு மீட்டருக்கு எவ்வளவு ஏத்தம்?”

அவள் போனில் தட்டிப் பார்த்தாள். “எட்டு சென்டிமீட்டர்.”

எட்டு சென்டிமீட்டர் என்றால் எனக்குத் தெரியும். வாசலில் கார் நிறுத்தப் போடுகிற கூரையில் மழைத் தண்ணீர் ஓடுவதற்கு விடுகிற சரிவு அது. என் ஆயுசில் பாதி அந்தச் சரிவில்தான் போயிருக்கிறது.

“இத எடுத்து உள்ள வையி. நான் ஒண்ணு செஞ்சு தாரேன்,” என்றேன்.

முன்பெல்லாம் இப்படி ஒரு வேலை கிடைத்தால் எனக்குத் தூக்கம் வராது, மனதுக்குள்ளேயே வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன். அன்று போய்ப் படுத்தேன், தூங்கிவிட்டேன்.

மறுநாள் குழி தோண்ட ஆள் வந்தது. இடுப்பளவு ஆழம். எங்கள் தாமான் குடியிருப்பு பழைய கித்தாத் தோட்டத்தின் மேல் நிற்பது, எங்கே தோண்டினாலும் கறுத்த வேர்க்கட்டை வரும். வெட்டி எடுத்து, கம்பி கட்டி, சிமெண்டு நிரப்பினேன். வீட்டுத் தரையோடு ஒட்டவிடவில்லை, சுற்றிலும் இரண்டு அங்குலம் இடைவெளி விட்டேன். வீட்டுக்குள் யாராவது நடந்தால் அந்த அதிர்வு தூணுக்குப் போகக்கூடாது. தூண், ஆலையில் நீராவி போகிற தடித்த குழாய். பட்டறையில் மிச்சம் கிடந்தது. அதற்குள் மணலை இறுக்கி நிரப்பினேன். தட்டிப் பார்த்தால் மணி மாதிரி ஒலிக்கக்கூடாது, மரம் மாதிரி ஒலிக்கவேண்டும். உச்சியில் ஒரு கையை முன்பக்கமாக நீட்டி, அதன் நுனியில் எட்டு சென்டிமீட்டர் சரிவில் ஒரு தட்டையை, கனமான இரும்புப் பலகையை, வைத்துப் பற்றவைத்தேன். தொலைநோக்கி அங்கே உட்கார்ந்தால் எடைக்கல்லும் முட்டாது, பின்னால் தொங்குகிற கேமராவும் முட்டாது. இது எந்தக் கடையிலும் கிடைக்காது. மகள் இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.

தட்டையைப் பற்றவைத்த அன்று மகள் சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

“என்னாப்பா கருகுது?”

“இரும்புலா.”

“இரும்பு இல்ல. கால்! கால எடுங்கப்பா!”

குனிந்து பார்த்தேன். வெல்டிங்கில் தெறித்த ஒரு துண்டு செருப்புக்கும் பாதத்துக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. பாதத்தின் ஓரம் வெந்து வெள்ளையாக இருந்தது. இனிப்பு நீர் முற்றினால் காலில் உணர்ச்சி போய்விடும், எனக்குப் போய் நாளாகிறது. அவள் தண்ணீரை ஊற்றிக்கொண்டே அழுதாள்.

“வலிச்சா சொல்ல மாட்டீங்களா?”

“வலிக்கல.”

“வலிக்கலன்னா என்னாப்பா அர்த்தம்!”

“தட்டைய பாரு, ஆறும்போது முறுக்கிக்கிச்சான்னு,” என்றேன்.

தட்டை முறுக்கிக்கொள்ளவில்லை. கிளினிக்கில் கட்டுப் போட்டார்கள். நாள் விட்டு நாள் போய்க் கட்டு மாற்றினோம். டாக்டர் மகளிடம் ஆங்கிலத்தில் நிறையப் பேசினார். நான் அவருடைய அறைக் கதவின் கீலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேல் கீலில் ஒரு திருகாணி இல்லை.

தூணை நட்டால் மட்டும் போதாது. மேலே உட்காருகிற மோட்டார்த் தலை சரியாக வடக்கைப் பார்க்கவேண்டும், இல்லையென்றால் மோட்டார் சுற்றச் சுற்ற நட்சத்திரம் நழுவிவிடும். மற்ற ஊர்க்காரர்கள் துருவ நட்சத்திரத்தைப் பார்த்துத் திருப்புவார்களாம். எங்களுக்கு அது வடக்கு வீட்டுக் கூரைக்குக் கீழே மறைந்திருக்கிறது. மகள் போனில் திசைகாட்டியைத் திறந்து தூணின் மேல் வைத்தாள். அது கேட்டைக் காட்டியது. எடுத்து மறுபடி வைத்தாள். தண்ணீர்த் தொட்டியைக் காட்டியது.

“இரும்புக்கிட்ட போயி வடக்கு எங்கன்னு கேட்டா அது என்னா சொல்லும்?”

“அப்ப எப்படிப்பா?”

“வெயில் அடிக்குதுல்ல.”

ஒரு கம்பியைத் தூக்குக்குண்டு பிடித்து நேராக நிறுத்தினேன். அதன் அடியை மையமாக வைத்துத் தரையில் சாக்கட்டியால் வட்டம் போட்டேன். காலையில் நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டு உள்ளே போகிற இடத்தில் ஒரு புள்ளி. மத்தியானத்துக்குப் பிறகு அது வட்டத்தைத் தொட்டு வெளியே போகிற இடத்தில் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவை எடுத்துக் கம்பியோடு சேர்த்தால் அதுதான் வடக்கு. இதை எனக்கு எவரும் சொல்லித்தரவில்லை. தோட்டத்துக் கோயிலுக்குக் கூரை போட்டபோது கிழக்கு தப்பக்கூடாது என்று நானே பார்த்துப் பார்த்துப் பிடித்த வழி. நம் ஊரில் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது உச்சி வெயில் கிடையாது, அது வர ஒன்றரை மணி ஆகும். பன்னிரண்டு மணி நிழலை நம்பி வாசலைக் கோணலாக வைத்தவர்களை எனக்குத் தெரியும், அவர்களில் படித்தவர்களும் உண்டு.

மூன்று நாள் வெயிலில் உட்கார்ந்து மூன்று தடவை குறித்தேன். அந்த மூன்று நாளும் வேறு நினைப்பு எதுவும் வரவில்லை. நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது நகராமல் நிற்பது மாதிரி இருக்கும். மாத்திரை போட உள்ளே போய்விட்டு வந்தால் ஒரு விரல் தள்ளிப் போயிருக்கும். மகள் தொப்பி கொண்டுவந்து தலையில் வைத்தாள். சரி என்று விட்டேன். பிறகு அவள் கேமராவை மாட்டி நட்சத்திரங்களை வைத்துச் சோதித்துப் பார்த்தாள்.

“அரை டிகிரி கூட தப்பலப்பா!”

“தப்பாது,” என்றேன்.

ரோஜா நெபுலாவை அவள் ஏன் பிடித்தாள் என்றால், அது எங்கள் தலைக்கு நேர் மேலே போகிறது. மாசி மாதத்தில் இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைக்கிற நேரத்தில் உச்சிக்கு ஏறி வந்துவிடும். ஊரைச் சுற்றி நிற்கிற கல்மலை மறைக்காது, கூரை மறைக்காது. தெருவிளக்கின் வெளிச்சத்தைத் தடுக்க ஒரு கண்ணாடி வைத்திருந்தாள். நெபுலா விடுகிற நிறங்களை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுத்துவிடுமாம், விடுவதில் முக்கால்வாசி சிவப்பு.

முதல் இரண்டு இரவு எடுத்ததை அவள் கம்ப்யூட்டரில் திறந்தபோது படத்தின் இடது மூலையிலிருந்து பாதி வரைக்கும் சிவப்பாகப் படர்ந்திருந்தது.

“ஏதோ செவப்பா வருதுப்பா. ஆனா வடிவம் சரியில்ல, பொறுங்க பாப்போம்,” என்றாள்.

நான் பொறுக்கவில்லை. அதை என் போனுக்கு அனுப்பச் சொல்லி, பட்டணத்தில் ஒரு படக்கடையில் பெரிதாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, சில்வர் சட்டம் அடித்துப் பட்டறை வாசலில் மாட்டினேன். காப்பிக் கடையில் சொன்னேன். கேட் வாங்க வந்தவர்களிடம் சொன்னேன். மகள் படம் எடுத்தாள், தூண் நான் போட்டது, வடக்கு நான் பிடித்தது என்று சொன்னேன். அப்படிச் சொல்லும்போது கூட எனக்குள் ஒன்றும் இல்லை, வாய்க்குப் பழகிய பேச்சு அது.

மாட்டிய மூன்றாம் நாள் மகள் தொலைநோக்கியை வேறு பக்கம் திருப்பிப் பார்த்தாள். அங்கேயும் அதே மூலையில் அதே சிவப்பு. எழுந்து நின்று சுற்றும் முற்றும் பார்த்தாள். எங்கள் பின்வேலிக்கு அப்பால் ஒரு சிறிய சந்து, சந்துக்கு அந்தப் பக்கம் ஒரு சீனவர் வீடு. அவர் முன்பு சாமான் கடை வைத்திருந்தவர், எல்லோரும் அவரைத் தவுக்கே என்போம், முதலாளி என்று அர்த்தம். அவர் வீட்டு முன்வாசல் எங்கள் பின்பக்கத்தைப் பார்த்து இருக்கிறது. வாசல் கம்பத்தில் வானத்துச் சாமிக்கு ஒரு மாடம். சீனப் பெருநாளுக்காக அதில் பழைய விளக்கை மாற்றி இரண்டு பெரிய சிவப்பு விளக்கு போட்டிருந்தார். தெருவிளக்கை எல்லாம் தடுத்த கண்ணாடி அந்தச் சிவப்பை மட்டும் வா என்று உள்ளே விட்டிருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் மனைவியின் தம்பி வந்தான், விளக்கு விஷயத்தை மகள் அவனிடம் சொல்லியிருந்தாள். பட்டறை வாசலில் நின்று அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான்.

“பக்கத்து வூட்டு சாமி வெளக்க புடிச்சு, சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்கீங்களே மச்சான்! கீழ ஒரு உண்டியலும் வச்சிருங்க லா.”

“போதும் மாமா,” என்றாள் மகள்.

“இல்லமா, உங்கப்பா ஊரெல்லாம் சொல்லிட்டாரு. தெலுக் இந்தான் வரைக்கும் வந்திருச்சு. வாயுவாம், நட்சத்திரமாம்! நாளைக்கு காலையில தவுக்கே வந்து ஊதுபத்தி கொளுத்துவாரு பாரு.”

அவன் சிரித்து நான் பார்த்தது அவனுடைய அக்கா செத்த பிறகு அதுதான் முதல் தடவை. நான் ஏணியைப் போட்டுப் படத்தைக் கழற்றினேன்.

மறுநாள் தவுக்கேயிடம் போனேன். விளக்கை அணைக்கச் சொல்லி நான் கேட்கமாட்டேன், சாமி விஷயம். ஒரு மறைப்புத் தகடு அடித்துத் தருகிறேன் என்றேன். அவருக்கும் எனக்கும் பேச்சு மலாயில்தான்.

“அத்தாஸ் தாக் போலே துத்துப் லா, போஸ்,” என்றார். மேலே மூடக்கூடாது, சாமி வானத்தைப் பார்க்கவேண்டும் என்று கையை உயர்த்திக் காட்டினார். முன்பக்கமும் மறைக்கக்கூடாதாம், சாமிக்கு எதிரில் வெட்டவெளியாக இருக்கவேண்டுமாம்.

அங்கேயே நின்று யோசித்தேன். பட்டறையிலிருந்து நூல் கொண்டுவந்தேன். ஒரு முனையை அவர் கையில் கொடுத்து விளக்கோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன். மறுமுனையைச் சந்தைத் தாண்டிக் கொண்டுவந்து தொலைநோக்கியின் வாயில் வைத்தேன். அந்த நூல் எங்கள் வேலிக்கு மேலே எந்த இடத்தில் போகிறதோ அந்த இடத்தில் மட்டும் ஒரு தகடு. ஒரு பெரிய தாம்பாளத்தின் அளவு போதும். கறுப்புச் சாயம் அடித்து, பகலில் மடக்கி வைக்கக் கீல் வைத்தேன். அவருடைய சாமிக்கு வானம் அப்படியே இருந்தது. எங்கள் தொலைநோக்கிக்கு விளக்கு தெரியவில்லை.

நூலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது அவர் கேட்டார், அப்படி அங்கே எதைத்தான் படம் பிடிக்கிறீர்கள் என்று. பூங்ஙா என்றேன். பூ. அவர் நிமிர்ந்து பார்த்தார். பட்டப்பகல், மேகம்தான் இருந்தது. பிறகு, இந்தத் தீபாவளிக்கு முறுக்கு வரவில்லை, நான் வேலிப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தேன் என்றார். என் மனைவி ஒவ்வொரு வருடமும் அந்த வேலி வழியாகத்தான் அவருக்கு டப்பாவை நீட்டுவாள். செய்ய ஆள் இல்லை என்றேன். ஆமாம் ஆமாம் என்றார். நூலைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு வானம் தெளிந்த இரவுகள் ஆறு கிடைத்தன. சேர்த்துப் பதினோரு மணி நேரம். மகள் வரவேற்பறையில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருப்பாள், நான் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருப்பேன். தகட்டை நிமிர்த்துவதும் மடக்குவதும் என் வேலை. பிறகு ஒரு வாரம் அவள் படங்களை அடுக்கினாள். அடுக்கி முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

பார்த்தேன். சிவப்பாக, வட்டமாக, நடுவில் குழி விழுந்து இருந்தது. குழியில் சில நட்சத்திரங்கள். நான் மூலைகளைப் பார்த்தேன். நான்கு மூலையிலும் நட்சத்திரம் புள்ளியாக இருந்தது, ஒன்று கூட நீளவில்லை. அழகாக இருக்கிறது என்று சொல்லவேண்டும் என்பது தெரிந்தது. எனக்கு அது அழகாகவும் தெரியவில்லை, அசிங்கமாகவும் தெரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ம்,” என்றேன். கேட்டைப் பூட்டப் போனேன்.

சங்கத்துக்காரர்கள் மண்டபத்தில் படங்களை வைத்த நாளில் மகளோடு போனேன், அவளுடைய மாமனும் வந்திருந்தான். அவளுடைய படத்தை வாசலுக்கு நேரே, எல்லாவற்றையும் விடப் பெரிதாக மாட்டியிருந்தார்கள். கீழே ஒரு அட்டை. படத்தின் பெயர், மகளின் பெயர், தொலைநோக்கியின் பெயர், கேமராவின் பெயர், பதினோரு மணி நேரம், ஈப்போ. கடைசி வரியில் ‘அம்மாவுக்கு’ என்று இருந்தது.

என் மனைவியின் தம்பி அந்த வரியைப் படித்துவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதான். முன்பின் தெரியாதவர்கள் அவன் தோளைத் தட்டினார்கள். நான் அட்டையை இரண்டாம் தடவை மேலிருந்து கீழ் வரைக்கும் படித்தேன்.

“தூண போடலியே,” என்றேன்.

மகள் என்னைப் பார்த்தாள். “என்னாப்பா?”

“தொலைநோக்கி பேரு போட்டுருக்கு, கேமரா பேரு போட்டுருக்கு. அது செஞ்சவன்லாம் நம்ம வூட்டுக்கு வந்தானா? தூணு யாரு போட்டா? வடக்கு யாரு புடிச்சா?”

“மச்சான், இங்க வந்துமா?” என்றான் அவளுடைய மாமன், மூக்கைத் துடைத்துக்கொண்டே. “அக்காவுக்குன்னு எழுதியிருக்கு. அத பாத்துட்டு ஒங்க பேர தேடுறீங்களே!”

“நான் தேடுவேன். நீ அழு, நான் வேணாங்கல.”

மகள் என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். படம் எடுத்தவர், அடுக்கியவர் பெயரை மட்டும்தான் போடுவது சங்கத்தின் வழக்கமாம். அதைச் சொல்லிவிட்டு அவள் நிறுத்தவில்லை.

“கேட்டிருந்தா போட்டிருப்பாங்கப்பா. நான்தான் கேக்கல. நீங்க ஒரு வார்த்த சொல்லலியே. படத்த காட்டுனேன், ‘ம்’னுட்டுப் போயிட்டீங்க. அம்மா செத்ததுலேர்ந்து எல்லாத்துக்கும் ‘ம்’. ஒங்களுக்கு இதுல ஒண்ணுமே இல்லன்னு நெனச்சேன்.”

“தூணு ஆடுச்சா?”

“ஆடல.”

“பதினோரு மணி நேரத்துல ஒரு தடவயாச்சும்?”

“இல்லப்பா.”

“அப்ப ஒண்ணுமே இல்லன்னு எப்படி சொல்றே?”

அவள் போய்க் காரை எடுத்து வந்தாள். மறுநாள் காலையில் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் வைத்தாள். படம் புத்தகத்தில் வரப்போகிறது, பக்கத்தில் அது எடுக்கப்பட்ட கதையும் வரும், நீங்கள் செய்ததை நீங்களே எழுதுங்கள், நான் டைப் அடித்துச் சங்கத்தில் கொடுக்கிறேன் என்றாள். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்துவேன், விஷயத்தில் கை வைக்கமாட்டேன் என்றும் சொன்னாள். ஆகையால் என் மச்சான் சிரித்ததையும் நான் அழாததையும் நானேதான் எழுதியிருக்கிறேன். அவள் சேர்த்தது எதுவும் இல்லை.

சங்கத்துக்காரர்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன். படம் எடுத்தது என் மகள். அடுக்கியது அவள். அதில் நான் பங்கு கேட்கவில்லை. ‘அம்மாவுக்கு’ என்ற வரியையும் எடுக்கவேண்டாம், அவளுக்கு அது இருக்கட்டும். எனக்கு என்ன இருந்தது, என்ன இல்லை என்று என் வீட்டிலேயே யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை. நான் என்ன செய்தேன் என்பது தெரியும். அது பின்பக்கத்தில் நிற்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்க்கலாம்.

புத்தகத்துக்கு நீங்கள் அனுப்பிய மாதிரித் தாளை மகள் காட்டினாள். அந்தக் கடைசி வரிக்கும் தாளின் விளிம்புக்கும் நடுவில் இரண்டு விரல் இடம் இருக்கிறது, நான் வைத்துப் பார்த்தேன். அங்கே போடுங்கள். தூண், வடக்கு, மறைப்புத் தகடு என்று போட்டு, அதற்கு நேரே என் முழுப் பெயரை, ஐ.சி. அடையாள அட்டையில் இருக்கிறபடி, என் தகப்பனார் பெயரோடு போடுங்கள். சின்ன எழுத்தாக இருந்தாலும் பரவாயில்லை. கண்ணாடி இல்லாமல் படிக்க வரவேண்டும்.